திறக்க மறுத்த கை

அந்தச் செயற்கைக் கை தம்ளரை எடுத்தது, நழுவ விடாமல் பிடித்தது, உதடுவரை கொண்டுபோனது. எதிரே இருப்பவரிடம் கொடுக்கச் சொன்னால் மட்டும் விரல்கள் திறக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக, அக்காவின் மேல்கையில் நரம்பைச் சுற்றி வைத்திருந்த கம்பிகளை வெளியே எடுத்துவிடலாமா என்ற பேச்சு போன மாசியில் தொடங்கியது.

அக்கா எனக்கு உறவு இல்லை, பழக்கத்தில் வந்த அழைப்பு. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். கணவரும் அவருமாகச் சாமை விதைக்கிறார்கள். புளி சீசனில் புளி உடைக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன், சாமைக் கதிர் அடிக்கும் இயந்திரத்துக்குள் தாளைத் தள்ளியபோது இடது கையும் சேர்ந்து போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. நான் மலைக்குக் கீழே ஒடுகத்தூர்க்காரி. உயிர் மருத்துவப் பொறியியல் படித்துவிட்டு நகரத்தில் ஓர் ஆய்வுக்குழுவில் வேலை பார்க்கிறேன்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கை போனாலும் கைக்குப் போகிற நரம்புகள் மேல்கையில் உயிரோடுதான் இருக்கின்றன. மூளை அனுப்புகிற ‘மூடு’, ‘திற’ என்ற செய்திகள் அதுவரைக்கும் வந்து, போக வழியில்லாமல் நிற்கின்றன. நரம்பைச் சுற்றி வளையம்போல மெல்லிய மின்முனைகளைப் பொருத்தினால் அந்தச் செய்தியைக் கேட்டுச் செயற்கைக் கைக்குச் சொல்லலாம். அதே கம்பி வழியாக மறுபக்கமும் பேசலாம். செயற்கை விரலின் நுனியில் ஏதாவது பட்டால் நரம்புக்கு ஒரு சிறு மின்துடிப்பு போகும். மூளை அதை, இல்லாத விரலில் பட்டதாக எடுத்துக்கொள்ளும். மேல்கைத் தோலில் பட்டன் அளவுக்கு ஓர் இணைப்பு வெளியே தெரியும். அதிலிருந்து ஒரு வயர் இடுப்பில் கட்டிய பெட்டிக்குப் போகும். அவ்வளவுதான் வெளியே தெரிகிற பொருள்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த அன்று, வளையம் எப்படி இருக்கும் என்று படம் காட்டினேன். அக்கா உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“வெளிய வளையல் போட கை இல்லன்னு உள்ள போட்டுட்டீங்களா?”

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரே முதலில் சிரித்தார்.

முதல் துடிப்பை அனுப்பிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரையை அவருக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தோம். எந்தக் கம்பியில், எப்போது அனுப்பப்போகிறேன் என்று நான் சொல்லக் கூடாது. மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று தன் மடியைப் பார்த்தார். மடியில் கை எதுவும் இல்லை.

“யாரு பாப்பா தொட்டது?”

“எங்கேக்கா?”

“கட்ட வெரலு. நகத்துக்குப் பக்கத்துல. எறும்பு ஏறுற மாதிரி.”

அடுத்த கம்பி. “இது ஆள்காட்டி.” அடுத்தது. “உள்ளங்கையில கோடு போடறாங்க. ஐயோ கூசுது, வேணாம், வேணாம்.” சொல்லிக்கொண்டே அவர் மிஞ்சியிருந்த முண்டுக் கையை உடம்போடு சேர்த்துக்கொண்டார். எனக்குச் சத்தம் போட்டுச் சந்தோஷப்பட வராது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் கையெழுத்து ஒரே அளவாகத்தான் இருக்கும். அன்று எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தால் வரிகள் மேல்நோக்கி ஏறிப் போகின்றன.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். போன கை போன நாளிலிருந்தே முஷ்டியாக மூடி இருந்ததாம். இல்லாத கைதான், ஆனாலும் மூடியிருந்தது. இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தன. மாத்திரைக்கும் கேட்கவில்லை, மந்திரித்த கயிற்றுக்கும் கேட்கவில்லை. துடிப்பு அனுப்ப ஆரம்பித்த சில வாரங்களில் முஷ்டி தளர்ந்தது. “இப்ப தொறந்துக்கினு இருக்குது பாப்பா. வெரல நீட்டிக்கினு தூங்கறேன்” என்றார். எங்கள் துறையில் இது புதிய செய்தி இல்லை. ஆனால் படித்ததும், ஒருவர் வாயால் கேட்டதும் ஒன்றாகிவிடாது.

ஆகவே கம்பியை எடுக்கும் பேச்சு வந்தபோது எது போகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கை போகும். தொடுவது போகும். முஷ்டி திரும்ப மூடிக்கொள்ளுமா என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை.

கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று பார்க்க வைத்த தேர்வுகளில், பிரச்சினை கடைசித் தேர்வில் வந்தது. மேசை மேல் தம்ளர். அக்கா அதைச் செயற்கைக் கையால் எடுத்து, கையை நீட்டி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் திறக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் செய்கிற தேர்வு அது; அப்படியே எடுத்துக்கொண்டோம். எடுப்பது, பிடிப்பது, நீட்டுவது எல்லாம் சரி. ‘கொடுங்க’ என்றதும் கை இறுகிக்கொண்டது. எதிரே எங்கள் பயிற்சியாளர் உட்கார்ந்தாலும் இறுகியது. நான் உட்கார்ந்தாலும், எங்கள் குழுவின் மூத்த அறுவை நிபுணரே உட்கார்ந்தாலும் இறுகியது. அக்காவுக்கு நெற்றியில் வியர்த்தது.

“தொறக்கத்தான் பாக்கறேன் பாப்பா. வர மாட்டேங்குது.”

திரையில் பயிற்சி செய்யும்போது, கையைத் தலையணை மேல் வைத்திருக்கையில், அதே கை அழகாகத் திறந்தது. வித்தியாசம் ஒன்றுதான் எங்கள் கண்ணுக்குப் பட்டது: அங்கே கை மடங்கியிருந்தது, இங்கே நீண்டிருந்தது. கூட்டத்தில் மூன்று காரணங்களை எழுதி வைத்தேன். இணைப்பு தளர்ந்திருக்கலாம். நிரல் குழம்பியிருக்கலாம். கையை நீட்டும்போது உள்ளே வளையம் நரம்பின் மேல் நகரலாம். முதலிரண்டையும் சோதித்து அடித்துவிட்டேன். மூன்றாவது நின்றது.

மூன்றாவதுதான் பயமும்கூட. வளையம் நகர்கிறது என்றால் நரம்பை உரசுகிறது என்று அர்த்தம். மூத்த நிபுணர் அதிகம் பேச மாட்டார். “நகர்ற கம்பிய உள்ள விட்டு வைக்க முடியாது. இன்னொரு தடவை பார்ப்போம். அதே மாதிரி இருந்தா எடுத்துடலாம்” என்றார். 

வெளியே நடைபாதையில் அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எடுத்தா மறுபடி மூடிக்குமா?”

தெரியவில்லை என்றேன். பெட்டியை இடுப்பிலேயே கட்டி ஊருக்கு அனுப்பினோம். அவர் தினமும் செய்கிற வேலையின்போது கை எந்த நிலையில் இருக்கிறது, நரம்புச் செய்தி எப்போது குறைகிறது என்பதைப் பெட்டி பதிந்துகொள்ளும். அதைப் போய் எடுத்துவர நான் போகிறேன் என்று எங்கள் குழுத் தலைவி மேடத்திடம் சொன்னேன். வளையம் எந்தக் கோணத்தில் நகர்கிறது என்று கண்டுபிடித்தால், குறைந்தபட்சம் அந்தக் கோணத்தைத் தவிர்க்கலாமே என்பது என் கணக்கு.

ஒடுகத்தூர் வரை பேருந்து, அங்கிருந்து ஷேர் ஜீப், அதிலும் நடுவில் மாறி ஏற வேண்டும், கடைசியில் நடை. பையில் மடிக்கணினி, உதிரி பேட்டரி, இரண்டு வயர், தோல் துடைக்கும் திரவம், ஒரு பெட்டி ரப்பர் கையுறை. கையுறை எதற்கு என்று கிளம்பும்போது எனக்கே தெரியாது. எடுத்துப்போனது நல்லதாயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுக்கு முன்னால் மரத்தடியில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். செயற்கைக் கையால்.

புளி உடைப்பதைப் பார்த்திராதவர்களுக்கு: வெயிலில் காய்ந்த பழத்தின் ஓட்டை நொறுக்கி, நாரை உருவி, பழத்தைத் தட்டைக் கல்லில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையை வெளியே எடுக்க வேண்டும். அக்காவின் செயற்கை விரல்கள் முழுக்கப் பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தன. விரல் நுனியில் இருக்கிற உணரிகளின் விலையும், அவற்றை வரவழைக்க ஆகிற மாதங்களும், புளிக்கு உலோகத்தைத் தின்னும் குணம் உண்டு என்பதும் வரிசையாக எனக்கு ஞாபகம் வந்தன. பையைத் திறந்து கையுறையை எடுத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து நார் உருவிக்கொண்டிருந்த அக்காவின் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் மனைவி, நான் கையுறை மாட்டிவிடுவதை வேடிக்கை பார்த்தார்.

“இன்னா டாக்டரம்மா, கைக்கு சட்டையா?”

“நான் டாக்டர் இல்லீங்க, இன்ஜினியர்.”

“எதுவா இருந்தா இன்னா, ஊசிக்குப் பதிலா கரண்ட்டு வெக்கிறீங்க. எனக்கும் ஒரு கை போட்டு வுடேன். மூணு கையால ஒடைக்கிறேன்.”

“ரெண்டு கை வேலையே நீ செய்யல” என்றார் அக்கா. “மூணாவதுக்கு ஆசையப் பாரு.”

மடிக்கணினியை மடியில் வைத்துப் பெட்டியுடன் இணைத்தேன். திரையில் இரண்டு கோடுகள் ஓடும். மேலே உள்ளது ‘திற’. கீழே உள்ளது ‘மூடு’. அக்கா பழத்தைக் கல்லில் வைத்துப் பிடித்தார், மூடு ஏறியது. வலது கை தட்டியது. தட்டிய கணத்தில் விரல்கள் ஓர் அரைக்கால் பங்கு தளர்ந்து மறுபடி பிடித்தன. மறுபடி தட்டு, மறுபடி தளர்வு. நாங்கள் யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

“எப்படிக்கா தெரியுது எப்ப விடணும்னு?”

“கொட்ட நவுர்றது வெரல்ல தெரியுதே. நவுந்துச்சுன்னா வுடணும். வுடலன்னா நசுங்கிப் பூடும்.”

கண்ணால் பார்த்துச் செய்கிற வேகம் இல்லை அது. அவர் பேச்சு ஓரகத்தியிடம், பார்வை என்னிடம், விரல் மட்டும் கல்லில். அந்த நேரத்தில் நான் வந்த வேலையை மறந்துவிட்டேன். தொடு உணர்வு வந்தால் என்ன ஆகும் என்று எத்தனையோ விளக்கப் படங்களில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். அந்த அம்பு ஒரு கல்லின் மேல் இப்படி ஓடும் என்று நினைத்ததில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. உடைத்து முடித்த ஒரு பிடிப் பழத்தை அக்கா செயற்கைக் கையில் அள்ளி, உட்கார்ந்தபடியே இடப்பக்கம் தள்ளி இருந்த கூடைக்குள் கையை முழுசாக நீட்டிப் போட்டார். கை திறந்தது. பழம் விழுந்தது.

நான் திரையைப் பார்த்தேன். திற கோடு நேராக ஏறி இறங்கியிருந்தது. ஒரு நடுக்கம்கூட இல்லை.

“அக்கா, இன்னொரு தடவை.”

“இன்னாது?”

“கூடைல போடுங்க.”

போட்டார். திறந்தது. கூடையை இன்னும் தள்ளி வைத்தேன். எழுந்து நின்று போடச் சொன்னேன். தலைக்கு மேல் கிளையில் தொங்கிய தூக்குவாளியில் போடச் சொன்னேன். முன்னால், பக்கத்தில், மேலே, கீழே; எந்தப் பக்கம் நீட்டினாலும் கோடு ஒரே மாதிரி ஏறியது. வளையம் நகரவில்லை. அது எங்கேயும் போகவில்லை. வைத்த இடத்தில் சமர்த்தாக இருக்கிறது.

 மூன்றாவது காரணத்தையும் அடித்தாகிவிட்டது. அப்படியானால் பட்டியலில் ஒன்றுமே இல்லை, ஆனால் கை ஆய்வுக்கூடத்தில் திறக்கவும் இல்லை.

“முகம் இன்னாத்துக்கு இப்டி கீது?” என்று அக்கா எழுந்தார். “இரு, டீ போட்றேன்.”

அடுப்பு வீட்டுச் சுவர் ஓரத்தில், தாழ்வாரத்துக் கீழே. வலது கையில் துணி சுற்றிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, இடது செயற்கைக் கையில் தம்ளரைப் பிடித்து, அதற்குள் டீயை ஊற்றினார். பாத்திரத்தைக் கீழே வைத்தார். தம்ளரை வலது கைக்கு மாற்றினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

வாங்கப் போன நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“அக்கா, மாத்தாதீங்க. மறுபடி அந்தக் கைல வாங்கிக்கிட்டு, அப்படியே எங்கிட்ட குடுங்க.”

அவர் மாற்றிக்கொண்டு நீட்டினார். என் உள்ளங்கை தம்ளருக்குக் கீழே. விரல்கள் திறக்கவில்லை. அக்காவின் முகம் ஆய்வுக்கூடத்தில் வாடியதுபோலவே வாடியது. திரையில் திற கோடு தரையோடு கிடந்தது. அப்போதுதான் கீழ்க்கோட்டைப் பார்த்தேன். மூடு ஏறிக்கொண்டிருந்தது. செய்தி குறையவில்லை. தெளிவாக, பலமாக, ‘விடாதே’ என்று ஒரு செய்தி போய்க்கொண்டிருந்தது.

நார் கையோடு எழுந்து வந்த ஓரகத்தி என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இன்னா புள்ள நீ. வூட்டுக்கு வந்தவளுக்குப் பீச்சாங்கையால டீ குடுக்கச் சொல்ற. யார்னா குடுப்பாங்களா அப்டி?”

நாங்கள் மூன்று பேரும் அந்தத் தம்ளரைப் பார்த்தோம்.

எங்கள் வீட்டில் இடது கையால் ஒரு சில்லறையை நீட்டினால்கூட அம்மா வாங்க மாட்டார். கையை மாற்றிக் கொடுக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பேருந்தில் கூட்டத்தில் இடது கையால் டிக்கெட் காசு நீட்ட நேர்ந்தால், தப்பா எடுத்துக்காதீங்க என்று நடத்துநரிடம் சொல்கிற ஊர் இது. எங்கள் குழுவில் எல்லாரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தேர்வில் ‘செயற்கைக் கை’ என்று எழுதியிருந்தது. ‘இடது கை’ என்று யாருக்கும் தோன்றவில்லை.

“அக்கா, அதனாலதான் திறக்கலையா?”

“எனக்கு இன்னா தெரியும்? நான் தொறக்கணும்னுதான் நெனச்சேன்.” கொஞ்சம் யோசித்தார். “அந்தப் பெரிய டாக்டர் கையை நீட்டும்போது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. மனசு வர்ல போல.”

“இதுக்கு முன்னாடி கைக்குப் பதிலா இரும்புக் கொக்கி வெச்சிருந்தீங்களே, அதுல?”

அதற்குப் பதில் சொன்னது, தோளில் மண்வெட்டியுடன் அப்போதுதான் வந்து நின்ற அவர் கணவர். “கொக்கியில எனக்கு மோர் சொம்பே மாட்டிக் குடுத்துருக்கா. ஊருக்கே குடுத்துருக்கா.”

“அது கரண்டி மாதிரிதானே” என்றார் அக்கா. “கரண்டியால ஊத்தினா தப்பா? இது கை. தொட்டா தெரியுதே.”

 செயற்கைக் கையைத் தன் கையாக ஒருவர் உணர்கிறாரா என்பதை அளக்க எங்களிடம் ஒரு நீண்ட கேள்வித்தாள் உண்டு. ஒன்று முதல் ஏழு வரை எண் போடச் சொல்வோம். அக்கா எல்லாக் கேள்விக்கும் பெருந்தன்மையாக ஐந்து போட்டிருந்தார். அது கை என்று அவருடைய நரம்பு எவ்வளவு உறுதியாக நம்பியிருக்கிறது என்பது, கொடுக்க மறுத்ததில் இருந்தது. கை ஆனதால் அது இடது கை ஆகிவிட்டது. இடது கை ஆனதால் அதற்கு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் நான் நினைத்தால் போதாது. அறுவை நிபுணர் நம்ப வேண்டும். நிதானப்படுத்திக்கொண்டேன். கொடுக்கிற செயல் அதே. வாங்குகிறவர் மட்டும் மாற வேண்டும். யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். மரத்தடியில் நாய் படுத்திருந்தது.

“அக்கா, நாய்க்கு பிஸ்கட் குடுங்க. இந்தக் கையால.”

“நாய்க்கா?” என்றவர், டீக்கு எடுத்து வைத்திருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டினார். நாய் வாய் வைக்கும் முன்பே கை திறந்துவிட்டது. கோடு அழகாக ஏறியது.

“நாய்க்கு எந்தக் கையா இருந்தா இன்னா” என்றார் கணவர்.

ஓரகத்திக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. “உன் வூட்டுக்காரருக்குக் குடுத்துப் பாருக்கா. நாயா மனுசனான்னு தெரிஞ்சிடும்.”

“த, சும்மா இருடி.”

“ஆராய்ச்சிக்குத்தானே. இன்ஜினியரம்மா எழுதிக்குவாங்க.”

கணவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினார். அக்கா ஒரு பிஸ்கட்டை நீட்டினார். விரல்கள் பாதி திறந்தன. அங்கேயே நின்றன. திற கோடும் மூடு கோடும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஏறின. அவர் பிஸ்கட்டைக் கொஞ்சம் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“பாதி மரியாதை கீதுப்பா” என்றார் ஓரகத்தி. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, “பாதினாலும் இருக்குதே” என்றார்.

ஊரில் செல்போன் சிக்னல் எடுக்கிற இடம் மேட்டுப்பக்கம் ஒரு பாறை மட்டும்தான். ஏறிப் போய் மேடத்துக்குப் பேசினேன். முழுக்கக் கேட்டார்.  

“நாம எல்லாரும் தமிழ்நாட்டுலதானே இருக்கோம்?” என்றார். பிறகு, “பழைய பதிவெல்லாம் திற. மூடு கோட்டை யாராவது பார்த்தோமா?” என்றார்.

பார்க்கவில்லை. ‘கொடுங்க’ என்றால் திறக்கத்தான் முயல்வார் என்று நிரல் எடுத்துக்கொண்டது. திற கோட்டுக்கு மட்டும் மதிப்பெண் போட்டது. பாறை மேலேயே உட்கார்ந்து பழைய பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு தேர்விலும், ‘கொடுங்க’ என்ற இடத்தில் மூடு ஏறியிருந்தது. எதிரே பயிற்சியாளர் இருந்தபோது அதிகம். நான் இருந்தபோது கொஞ்சம் குறைவு. மூத்த நிபுணர் இருந்தபோது உச்சம். யாருக்கு எவ்வளவு மரியாதை என்று நரம்பு தனித்தனியாக அளந்து வைத்திருந்தது. எனக்குக் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. பாப்பா என்று கூப்பிடுகிறவளுக்கு அவ்வளவுதான் வரும்.

மறுதேர்வு அன்று அக்கா புதுப் புடவையில் வந்தார். கணவர் வெளியே நின்றார்.  நான் இணைப்பை மாட்டினேன். மூத்த நிபுணர் நான் எழுதிக் கொடுத்ததைப் படித்திருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“பழக்கம் வேற, நரம்பு வேற” என்றார் என்னிடம். “எனக்கு நரம்பைக் காட்டு.”

முதலில் தட்டு. கையை நீட்டித் தம்ளரைத் தட்டில் விட வேண்டும். தட்டை நான் பல பக்கம் மாற்றி மாற்றிப் பிடித்தேன். எல்லா முறையும் திறந்தது. அடுத்து நிபுணரே எதிரே வந்து உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார்.

“கொடுங்கம்மா.”

அக்கா நீட்டினார். கை திறக்கவில்லை. நிபுணர் தன் கையை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தார். மூடு கோடு குன்றுபோல ஏறி நின்றது. திரும்பி அக்காவைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“எங்கம்மா பார்த்திருந்தா கேட்ட எனக்குத்தான் அடி விழுந்திருக்கும்” என்றார்.

மேடம் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “மன்னிச்சுக்கோங்க சார், வர மாட்டேங்குது” என்றார்.  மறுபடியும் தோற்றுவிட்டதாக நினைத்துவிட்டார்.

“நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க. சரியாத்தான் செய்யுது.” அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். “தண்ணி நிஜமாவே வேணும். வீட்டுக்கு வந்தா எப்படிக் குடுப்பீங்களோ அப்படிக் குடுங்க.”

அக்கா ஒரு கணம் யோசித்தார். செயற்கைக் கை தம்ளரை விடவில்லை. வலது கையைக் கொண்டுவந்து அதன் அடியில் தாங்கினார். இரண்டு கைகளாலும் நீட்டினார். நான் கையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். நிபுணர் தம்ளரைத் தொட்டதும், எடை விரலை விட்டு இறங்க இறங்க, மூடு கோடு மெதுவாகக் கீழே வந்தது. அது இறங்கிய அளவுக்குத் திற ஏறியது. அவ்வளவு வழவழப்பான ஒரு கோட்டை அதுவரை எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

குடித்து முடித்து, தம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு, “வேண்டாம்னு சொல்றதுகூட இவ்வளவு தெளிவா கேக்குதுன்னா கம்பி நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்றார் எங்களிடம். “எடுக்க வேண்டாம். இருக்கட்டும். அந்தத் தேர்வை மாத்தி எழுதுங்க.” எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு.

மேடம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் பின்னால் போனார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயரைக் கழற்றப் போனேன்.

“இருக்கட்டும்னா?” என்று கேட்டார் அக்கா. “எங்கிட்டயே இருக்குமா?”

“உங்ககிட்டயேதான்க்கா.”

 கை மடியில் கிடந்தது. நான் திரையை மூடத் திரும்பியபோது இரண்டு கோடுகளும் அசைந்துகொண்டிருந்தன. திற, மூடு. திற, மூடு. யாரும் செய்யச் சொல்லவில்லை. கொடுக்கவும் எதுவும் இல்லை. அவர் தலை குனிந்து, மடியில் அந்த விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயரை இன்னும் கொஞ்ச நேரம் கழற்றாமல் விட்டுவைத்தேன்.